ஹில்ஸ்ட்ரீம் லோச்: தர்மபுரியில் வைப்பதா, ஓசூருக்கு அனுப்புவதா?

போன மாதம் ஓசூரிலிருந்து அக்கா மகன் போன் செய்தான். "மாமா, பெங்களூர்ல ஒரு கடையில ஹில்ஸ்ட்ரீம் லோச் மீனு வந்திருக்கு. ஒண்ணு நானூத்தம்பது சொல்றான். அஞ்சு எடுத்துக்கட்டுமா?" நான் வாயைத் திறப்பதற்குள் அவனே தொடர்ந்தான். "உங்க வீட்டுல ரெண்டு செத்துப்போச்சுன்னு அம்மா சொன்னாங்க. அதான் உங்களக் கேட்டுட்டு எடுக்கலாம்னு."

செத்தது உண்மைதான். தர்மபுரியில் என் வீட்டு மூன்றடித் தொட்டியில் ஐந்து இருந்தன, அப்போது மிச்சம் மூன்று. இருந்தும் அவனிடம் "எடு மாப்ள" என்றுதான் சொன்னேன். இதே கேள்வியை எங்கள் தெருவில் யாராவது கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பேன். ஏன் இரண்டு பதில் என்று அவனுக்கு விளக்கப் போய் அரை மணி நேரம் ஆனது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் மீனைப் பற்றிக் கொஞ்சம். இரண்டு விரல் நீளம்கூட இருக்காது. முறத்தைக் கவிழ்த்துப் போட்ட மாதிரி தட்டையான உடம்பு. மார்புத் துடுப்பும் வயிற்றுத் துடுப்பும் விசிறி போல விரிந்து, கல்லோடு கல்லாக ஒட்டிக்கொள்ளும். கண்ணாடியில் ஒட்டியிருக்கும்போது அடிவயிற்றைப் பார்த்தால் யாரோ ஒரு ஸ்டிக்கரை ஒட்டிவிட்டுப் போனது போல இருக்கும். நீந்துவது குறைவு, சறுக்கும், திடீரென ஒரு தாவு தாவி அடுத்த கல்லில் போய் உட்காரும். கடைகளில் இதற்கு 'பட்டர்ஃபிளை பிளெக்கோ', 'ஹாங்காங் பிளெக்கோ' என்றெல்லாம் பெயர். அந்தப் பெயரால்தான் பாதி மீன் சாகிறது என்பேன். பிளெக்கோ என்றதும் கடைக்காரர் நம்ம 'டேங்க் கிளீனர்' சக்கர் மீன் கணக்கில் வெதுவெதுப்பான தண்ணீர், ஒரு மரக்கட்டை, சின்ன ஃபில்டர் போதும் என்று கொடுத்துவிடுகிறார். சக்கர் மீன் தென்னமெரிக்காவைச் சேர்ந்தது. இது நம்ம அயிரைக்குத் தூரத்துச் சொந்தம். ஆசியாவின் மலையோடைகளில், பாறை மேல் தண்ணீர் அடித்துக்கொண்டு ஓடுகிற இடத்தில் பிழைக்கிற மீன்.

அடித்து ஓடுகிற தண்ணீர் என்றால் காற்று நிறையக் கலந்த தண்ணீர். 20 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும். 25 டிகிரியில் அது 8.3 ஆகும், 30 டிகிரியில் ஏழரை. சூடு ஏறும்போது தண்ணீரில் ஆக்சிஜன் குறைகிறது, மீனின் உடம்போ அதே நேரத்தில் அதிகமாகக் கேட்கிறது. வரவு குறையும் மாதத்தில்தான் செலவு கூடும் என்பது போல. இந்த மீனுக்கு 20 முதல் 24 டிகிரி சுகம். நல்ல ஓட்டம் இருந்தால் 26 வரை சமாளிக்கும். அதற்கு மேல் வாரக்கணக்கில் வைத்தால் மெல்ல மெல்லத் தேயும்.

எங்கள் ஊர் வெயிலும் நான்கு வழிகளும்

என் நோட்டில் இருக்கிற கணக்கு இது. ஏப்ரல் கடைசியில், ஹாலில், மேற்குச் சுவர் ஓரம் இருந்த தொட்டியில் பிற்பகல் மூன்று மணிக்கு 32 டிகிரி. தொட்டியை உள் அறைக்கு மாற்றினேன்: முப்பதரை. ஒன்றரை டிகிரி இலவசமாகக் கிடைத்தது. இதற்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் காசு, உழைப்பு, இல்லையென்றால் தலைவலி.

முதலில் எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன்: பெப்சி பாட்டிலில் தண்ணீர் ஊற்றி ஃப்ரீஸரில் வைத்துத் தொட்டியில் மிதக்கவிடுவது. கணக்குப் போட்டால் சிரிப்பு வரும். ஒரு லிட்டர் ஐஸ் முழுக்கக் கரைந்தால் 100 லிட்டர் தண்ணீரைச் சுமார் ஒரு டிகிரி இறக்கும். அவ்வளவுதான். நாலு டிகிரி இறக்க நாலு பாட்டில். இரண்டு மணி நேரத்தில் பழையபடி ஏறிவிடும். மீனுக்குச் சூட்டைவிட இந்த ஏற்ற இறக்கம் பெரிய தொல்லை. கரண்ட் இல்லாத நாளில் அவசரத்துக்கு மட்டும் ஐஸ் பாட்டில் சரி.

ஃபேன் கதை வேறு. மண்பானைத் தண்ணீர் ஏன் சில்லென்று இருக்கிறதோ, அதே காரணம்தான்: பானையின் மேல் கசிகிற தண்ணீர் ஆவியாகும்போது உள்ளிருக்கிற சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியானால் 100 லிட்டரில் ஐந்தரை டிகிரிக்கு மேல் இறக்குகிற அளவு வெப்பம் வெளியே போகும். வெளியிலிருந்து சூடு ஏறிக்கொண்டே இருப்பதால் முழுதும் நமக்குக் கிடைக்காது. ஆனாலும் ஐஸை விடப் பல மடங்கு. கம்ப்யூட்டருக்குள் இருக்கிற 12 வோல்ட் ஃபேன் இரண்டை வாங்கி, தண்ணீரின் மேல் சாய்வாக வீசுகிற மாதிரி மாட்டினேன். இரண்டும் சேர்ந்து ஐந்து வாட். இரண்டு மாதம் இரவு பகலாக ஓடினாலும் ஏழு யூனிட் சொச்சம். எங்கள் ஊர்க் கோடைக் காற்று வறண்ட காற்று என்பதால் இதற்குத் தோது. முப்பதரை 27.5 ஆனது. விடியற்காலையில் 26. கோடை மழை பெய்த மறுநாள் மட்டும் காற்றில் ஈரம் ஏறி, ஃபேன் ஓடியும் 29-இல் நின்றது.

27.5 என்பது நல்ல எண் போலத்தான் தெரியும், பக்கத்தில் 32-ஐ வைத்துப் பார்க்கும்போது. மீன் 32-ஐப் பார்த்ததில்லை. அதற்கு 24 தான் தெரியும். மார்ச் பாதியிலிருந்து ஜூன் தொடக்கம் வரை என் தொட்டி ஒரு நாள்கூட 26-க்குக் கீழே போகவில்லை.

ஃபேனில் இன்னொரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. ஒரு நாளைக்கு இரண்டு லிட்டர் வரை ஆவியாகிறது. ஆவியாவது தண்ணீர் மட்டும். உப்பு தொட்டியிலேயே தங்கும். எங்கள் வீட்டு போர் தண்ணீரில், கரைந்த உப்பை அளக்கிற டிடிஎஸ் மீட்டரை வைத்தால் 1100 காட்டும். குறைந்த அளவுக்கு அதையே ஊற்றிக்கொண்டு வந்தேன். ஒரு மாதத்தில் தொட்டியில் 1500. வீட்டுக்குள் சின்ன உப்பளம் நடத்தியிருக்கிறேன்! ஆவியாகிக் குறைவதை ஆர்ஓ தண்ணீரில்தான் ஈடு செய்ய வேண்டும். தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு இருப்பதால் பல வீடுகளில் ஆர்ஓ ஏற்கெனவே இருக்கிறது. தனியாக வாங்க வேண்டியதில்லை. வாரா வாரம் மாற்றுகிற தண்ணீருக்கு, 2013-இல் தொடங்கிய ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத் தண்ணீர் குழாயில் வந்தால் அதுவே போரை விட நல்லது. ஆற்றுத் தண்ணீர், கடினம் குறைவு. குளோரின் மட்டும் இருக்கும். ஆன்ட்டி குளோரின் சொட்டு விட்டுத்தான் ஊற்ற வேண்டும்.

அடுத்தது சில்லர். தண்ணீரை உள்ளே இழுத்துக் குளிர வைத்துத் திருப்பி அனுப்புகிற பெட்டி. 24 என்று வைத்தால் 24-இல் நிற்கும். தர்மபுரி நகரத்தில் இந்த மீனை மனசாட்சியோடு வைக்க வேண்டுமென்றால் இது ஒன்றுதான் வழி என்பது என் முடிவு. ஆனால் நான் வாங்கவில்லை. சின்ன சில்லரே ஒரு ஃப்ரிட்ஜ் விலை. 180 வாட் சில்லர் கோடையில் பாதி நாள் ஓடினால் இரண்டு மாதத்துக்கு 130 யூனிட். இலவச யூனிட்டைக் கழித்துப் பார்த்துப் பயனில்லை. 400 யூனிட்டை ஒட்டி ஓடுகிற எங்கள் மாதிரி வீட்டில் இது சேர்ந்தால் 500-ஐத் தாண்டி அடுத்த படிக்குப் போய்விடும். தொட்டியிலிருந்து எடுக்கிற சூட்டை அந்தப் பெட்டி அறைக்குள்ளேதான் கக்கும் என்பதும் உண்டு. ஜன்னல் இல்லாத அறையில் வைத்தால் தன் சூட்டோடு தானே மல்லுக்கட்டும். விலையைக் கேட்டுவிட்டு வீட்டில் சொன்னது இது: "ஐஸ்ல வச்ச மீனு கேள்விப்பட்டிருக்கேன். உசுரோட ஃப்ரிட்ஜ்ல வைக்கிற மீனு இப்பதான் கேள்விப்படுறேன்."

படுக்கையறை ஏசி போதாதா என்று சிலர் கேட்கிறார்கள். இரவு முழுக்க ஏசி, பகலில் அணைப்பு என்றால் தொட்டி தினமும் 25-க்கும் 30-க்கும் இடையே ஊசலாடும். வேண்டாம்.

நாலாவது வழி உயரம். தர்மபுரி கடல் மட்டத்திலிருந்து 500 மீட்டருக்கும் குறைவு. ஓசூர் சுமார் 900. ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறரை டிகிரி குறையும் என்கிற பொதுக் கணக்கில், பாலக்கோடு, ராயக்கோட்டை வழியாக ஏறி ஓசூர் போய்ச் சேரும்போதே இரண்டரை டிகிரிக்கு மேல் இறங்கிவிடுகிறது. அக்கா மகன் ஏற்கெனவே கப்பி வளர்க்கிறான். அவன் ஹால் தொட்டி ஏப்ரல் பிற்பகலில் 27.5. ஒரு ஃபேன் மாட்டச் சொன்னேன், இருபத்து நாலரைக்கு வந்தது. நான் இரண்டு ஃபேன் போட்டு வந்து சேர்ந்த இடத்தில் அவன் ஒன்றும் செய்யாமலே நிற்கிறான். மார்கழியில் அவன் தொட்டி 18 வரை இறங்கும். கப்பிக்கு ஹீட்டர் போடுகிறான். லோச்சுக்கு அது தேவையில்லை.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். கிருஷ்ணகிரி மாவட்டம் என்றதும் எல்லாம் ஓசூர் ஆகிவிடாது. கிருஷ்ணகிரி நகரமும் காவேரிப்பட்டணமும் தர்மபுரிக் கணக்கில்தான் வரும். தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் ஓசூர்க் கணக்கு.

அந்த இரவு

இவ்வளவு நேரம் சூட்டைப் பற்றிப் பேசினேன். என் இரண்டு மீனைக் கொன்றது நேரடியாகச் சூடு இல்லை.

மே மாதம், இடியோடு கோடை மழை. இரவு ஒரு மணி வாக்கில் கரண்ட் போனது. மழைக் குளிரில் நன்றாகத் தூங்கிவிட்டேன். நாலே முக்காலுக்குக் கரண்ட் வந்து ஃபேன் சத்தம் கேட்டுத்தான் விழிப்பு வந்தது. தொட்டியில் லைட் போட்டுப் பார்த்தால், மூன்று மீன்கள் நீர்மட்டத்துக்கு மேலே, பாதி உடம்பு வெளியே இருக்க, ஈரக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருந்தன. செவுள் அடித்துக்கொண்ட வேகம் கண்ணால் எண்ண முடியாதது. நாலாவது மீன் தொட்டியின் அடியில் மல்லாந்து கிடந்தது. ஐந்தாவதை மத்தியானம்தான் கல்லுக்கு அடியில் கண்டுபிடித்தேன்.

தண்ணீர் அப்போது 28 டிகிரி. அதே 28-இல் முந்தின நாள் ஐந்தும் மேய்ந்துகொண்டிருந்தன. வித்தியாசம் ஓட்டம். ஓட்டம் நின்ற நாலு மணி நேரத்தில் ஆக்சிஜன் தீர்ந்துவிட்டது. சில்லர் வாங்கலாமா என்று வாரக்கணக்கில் யோசித்த நான், கரண்ட் போனால் தானாக ஓடுகிற சில நூறு ரூபாய் பேட்டரி ஏர் பம்பை யோசிக்கவில்லை. மருமகனிடம் சொன்ன முதல் நிபந்தனை அதுதான். "மீனு அப்புறம், பம்பு முதல்ல."

ஓட்டத்துக்கு மூன்று வழி உண்டு. தொட்டிக்கு வெளியே வைக்கிற கேனிஸ்டர் ஃபில்டர் வடிகட்டலில் நன்று. ஆனால் இந்த மீன் கேட்கிற வேகம் அதில் வராது. தொட்டிக்குள் மணலுக்கு அடியில் பிவிசி குழாய் ஓட்டி, ஒரு முனையில் உறிஞ்சி மறுமுனையில் அடிக்கிற 'ரிவர் டேங்க்' அமைப்பு பார்க்க ஆறு மாதிரியே இருக்கும். ஆனால் அடைத்துக்கொண்டால் கல், மணல் எல்லாம் வெளியே எடுக்க வேண்டும். நான் சொல்வது ஒரு ஓரத்தில் வேவ்மேக்கர் (தொட்டிக்குள்ளேயே தண்ணீரைத் தள்ளுகிற சின்ன மோட்டார்), மறு ஓரத்தில் பெரிய ஸ்பாஞ்ச் ஃபில்டர். தொட்டியின் கொள்ளளவைப் போல மணிக்குப் பத்து முதல் இருபது மடங்கு தண்ணீர் சுழல வேண்டும். மூன்றடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் உள்ள தொட்டியில் 85 லிட்டர். அதற்கு 850 முதல் 1700 லிட்டர். எல்லா இடத்திலும் ஒரே வேகம் வேண்டாம். பெரிய கல் ஒன்றைக் குறுக்கே போட்டு அதன் பின்னால் அமைதியான இடம் விடுங்கள். மோட்டாரின் சூடும் தண்ணீரில்தான் இறங்கும் என்பதால் தேவைக்கு மேல் பெரிதாக வாங்கினால் ஃபேன் செய்த வேலையை அது கெடுக்கும்.

கல் நம்ம ஊரில் காசு கொடுத்து வாங்க வேண்டிய பொருள் இல்லை. உருண்ட கருங்கல், கூழாங்கல் எதுவும் ஆகும். சுக்காங்கல் மட்டும் வேண்டாம். அது கரைந்து தண்ணீரை இன்னும் கடினமாக்கும். சந்தேகமாக இருந்தால் வினிகர் இரண்டு சொட்டு விட்டுப் பாருங்கள், நுரைத்தால் வெளியே போடுங்கள்.

எந்த லோச்?

இதில் அதிகம் யோசிக்க ஒன்றுமில்லை. வியட்நாம் ஓடைகளைச் சேர்ந்த செவேலியா லினியோலாட்டா, உடம்பெல்லாம் வலை பின்னியது போலக் கோடு உள்ளது, நம்ம ஆட்களுக்கு ஏற்றது. வீட்டுத் தொட்டியிலேயே குஞ்சு பொரிக்கிற மீன். மற்றவற்றை விடக் கொஞ்சம் சூடு தாங்கும். தென்சீனாவின் பியூஃபோர்ட்டியா இன்னும் குளிர் கேட்கும். ஓசூர் ஏப்ரலே அதற்கு அதிகம். போர்னியோவின் கேஸ்ட்ரோமைசான் அழகு. ஆனால் பெரும்பாலும் ஆற்றில் பிடித்து வருவது, வழியில் பட்டினி கிடந்து வயிறு ஒட்டியிருக்கும். எதை வாங்கினாலும் கடையில் கண்ணாடியில் ஒட்ட வைத்து அடிவயிற்றைப் பாருங்கள். குழி விழுந்திருந்தால் இரக்கப்பட்டு வாங்க வேண்டாம்.

மருமகனின் நண்பன் ஒருவன் அஞ்செட்டிப் பக்கம் ஓடையில் நாமே பிடித்துவிடலாம் என்றானாம். வேண்டாம் என்று கண்டித்துச் சொன்னேன். 2014-இல் காவிரி வடக்கு வனவிலங்கு சரணாலயமும் 2022-இல் காவிரி தெற்கும் அறிவிக்கப்பட்ட காடு அது. சரணாலயத்துக்குள் மீன் பிடிப்பது வனச் சட்டத்தில் வழக்கு. போதாததற்கு, நம் நாட்டு மலையோடை மீனான பவானியா மேற்குத் தொடர்ச்சி மலை மீன். பெயரிலேயே பவானி இருக்கிறதே தவிர, அஞ்செட்டிக்கு அதைத் தேடிப் போவதில் அர்த்தமில்லை. ஒகேனக்கல் நுரையைப் பார்த்துவிட்டு அங்கேயும் இருக்கும் என்று நினைப்பவர்கள் உண்டு. அங்கே வேகம் இருக்கிறது; ஆனால் தர்மபுரியை விடத் தாழ்ந்த இடம், கோடையில் தண்ணீர் வெதுவெதுக்கும்.

சாப்பாட்டில் ஒரு தந்திரம். பாசி மட்டும் தின்கிற மீன் என்பது பாதி உண்மை. பாசிப் படலத்துக்குள் இருக்கிற நுண்ணுயிர்களையும் சேர்த்துத்தான் மேய்கிறது. எட்டு கூழாங்கல்லை மொட்டைமாடியில் தொட்டித் தண்ணீர் ஊற்றிய வாளியில் போட்டு வெயிலில் வையுங்கள். பத்து நாளில் பச்சை படரும். நாலு கல் உள்ளே, நாலு கல் மாடியில் என்று மாற்றிக்கொண்டே இருக்கலாம். காலையில் வைத்த கல்லில் மாலையில் நாக்கால் நக்கியது போல வளைவு வளைவாகத் தடம் தெரியும். இடையிடையே ஸ்பைருலினா பாசி கலந்த வேஃபர் வில்லை, ஃப்ரோசன் புழு கொஞ்சம். புதுத் தொட்டியில் இந்தப் படலம் இருக்காது. அதனால் இரண்டு மாதமாவது ஓடிய தொட்டியில்தான் இதை விட வேண்டும். நோய் வந்தால் செம்பு கலந்த மருந்தைத் தொடாதீர்கள். அயிரை இனத்துக்கே அந்த மருந்து சீக்கிரம் விஷமாகும்.

தர்மபுரியில் அப்போது என்ன வைப்பது?

சில்லர் வாங்க மனமில்லாமல், லோச் மாதிரி ஒன்று வேண்டும் என்றால் நான் காட்டுவது அயிரையைத்தான். குழம்பில் போடுகிற அதே அயிரை. அறிவியல் பெயரின் பின்பாதி 'தெர்மாலிஸ்'. பெயரிலேயே சூடு இருக்கிறது. கிருஷ்ணகிரி அணைப் பக்கம் மீன் பிடிக்கிற ஒருவரிடம் உயிரோடு எட்டு வாங்கினேன். "குழம்புக்கு இது எப்படிப்பா பத்தும்?" என்று கேட்டார். பதில் சொல்லவில்லை. தனித் தொட்டியில் இரண்டு வாரம் வைத்துப் பார்த்துவிட்டு, பழைய தொட்டியில் கல்லை எடுத்து நைஸ் மணல் போட்டு விட்டேன். 30 டிகிரியில் அவற்றுக்கு ஒரு குறையும் இல்லை. மணலில் சொருகிக்கொண்டு இரண்டு கண்ணை மட்டும் வெளியே வைத்துப் பார்க்கும். கண்ணாடியில் ஸ்டிக்கர் போல ஒட்டாது, பாசி மேயாது. அந்த அழகு இதில் இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

கடைசியில் மருமகன் இரண்டுதான் வாங்கினான். மிச்சம் மூன்று என்னுடையவை. விடியற்காலை நாலரைக்கு, ஆக்சிஜன் கவரில் கட்டி, தெர்மாகோல் பெட்டியைத் தக்காளிக் கிரேட்டுக்குள் அசையாமல் வைத்து, வெயில் ஏறும் முன் ஓசூர் போய்ச் சேர்ந்தேன். கவரில் 25, தொட்டியில் 23. ஒரு மணி நேரம் மிதக்கவிட்டு, டம்ளர் டம்ளராகத் தண்ணீர் கலந்து, பிறகு வலையால் எடுத்து விட்டோம். முதல் மீன் நேராக வேவ்மேக்கர் அடிக்கிற கல்லில் போய் ஒட்டிக்கொண்டது.

அன்று இரவு பத்து மணிக்கு அவனிடமிருந்து ஒரு போட்டோ. ஒன்றின் மேல் ஒன்று தோசை அடுக்கியது போல இரண்டு மீன். கீழே, "மாமா, சண்டையா, சல்லாபமா?" என்று கேட்டிருந்தான்.

"சண்டைதான். இடத்துக்காக. காயம் படாது, விடு. பம்பு பேட்டரிய சார்ஜ் போட்டியா?" என்று அனுப்பினேன்.

ப்ளூ டிக் வந்தது. பதில் பத்து நிமிஷம் கழித்து வந்தது: "இப்ப போட்டுட்டேன்."